பனியாறு தண்ணீரை உண்டாக்குவதில்லை: மலையாறுகளின் வரவு செலவுக் கணக்கு

மே மாதத்தில் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால், யாராவது ஒருவர் சன்னல் வழியாக மணலைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “கங்கையைப் பாருங்க, கோடையிலயும் தண்ணி போகுது. அங்க பனி இருக்கு, உருகிக்கிட்டே இருக்கும். நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல.” பக்கத்தில் இருப்பவர் இதை மறுப்பார்: “அதுவும் இன்னும் கொஞ்ச நாள்தான். பனி எல்லாம் உருகிப்போச்சுன்னா கங்கையும் பாலாறு மாதிரி ஆயிடும்.” மூன்றாமவர், “வேகமா உருகினா தண்ணி ஜாஸ்திதானே வரும்? நல்லதுதானே?” என்று கேட்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றுமே தவறான இடத்தில் போய் நிற்கின்றன. வரவு, செலவு, இருப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு இது. வட ஆற்காட்டுக்காரர்களான நாம் தண்ணீருக்காகக் காலமெல்லாம் அலைபவர்கள். நமக்காவது இந்தக் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம்

செய்திகளில் “இமயமலைப் பனிப்பாறைகள் உருகுகின்றன” என்று படிக்கிறோம். பனிப்பாறை என்ற சொல் கடலில் மிதக்கும் பனிக்கட்டிக்குத்தான் பொருந்தும். மலையில் இருப்பது பனியாறு. ஆண்டுக்கணக்கில் விழும் பனி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்கிவருவதைப் பனியாறு என்கிறோம். மெல்ல என்றால் ஆண்டுக்குச் சில மீட்டர், சில இடங்களில் பத்து, இருபது, அதற்கும் மேல். கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அது முடிகிற வாய்தான் கோமுகம். பாகீரதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மேலே விழுவதும் கீழே வடிவதும் வேறு வேறு இடங்களில் நடக்கின்றன, இரண்டுக்கும் நடுவே பனி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வீட்டுக் குதிர்

குடியாத்தம் பக்கத்தில் என் பாட்டி வீட்டில் ஒரு மண் குதிர் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அறுவடை முடிந்ததும் ஏணி வைத்து ஏறி, மேல்வாய் வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். எடுப்பது கீழே. அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் பழந்துணி அடைத்திருக்கும். துணியை இழுத்தால் நெல் சரசரவென்று முறத்தில் விழும்.

சின்ன வயதில் எனக்கு ஒரு வியப்பு இருந்தது. குதிர் நிறைய இருந்தாலும் சரி, கால்வாசி இருந்தாலும் சரி, ஓட்டையில் நெல் விழும் வேகம் ஒன்றுபோலவே இருக்கும். தண்ணீர்த் தொட்டி அப்படி இல்லை, மட்டம் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறைந்துவிடும். நெல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதனால் பாட்டி முறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய மாட்டார். குதிரின் பக்கவாட்டில் விரல் மடக்கித் தட்டிக்கொண்டே மேலே போவார். சத்தம் எங்கே மாறுகிறதோ அதுவரைதான் நெல்.

பனியாறும் மேலே போட்டுக் கீழே எடுக்கும் குதிர்தான். உயரத்தில் குளிர் அதிகமுள்ள இடத்தில் பனி விழுந்து சேர்கிறது. அதைச் சேரும் பகுதி என்போம். தாழ்வான, வெப்பமான இடத்தில் உருகி வடிகிறது. அது கரையும் பகுதி. இரண்டுக்கும் நடுவில், ஓர் ஆண்டில் சேர்ந்ததும் கரைந்ததும் சரிசமமாக இருக்கும் உயரம் ஒன்று உண்டு. அதன் பெயர் சமநிலைக் கோடு. வெப்பம் கூடினால் இந்தக் கோடு மலையில் மேலே ஏறும். சேரும் பகுதி சுருங்கும், கரையும் பகுதி விரியும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். குதிரின் ஓட்டையைத் திறப்பது வீட்டாரின் கை. பனியாற்றில் அதைத் திறப்பது வெயில்.

வரவு, செலவு, இருப்பு

மழையோ பனியோ ஒரு நிலப்பரப்பில் விழுந்து, அந்த நீரெல்லாம் ஒரே ஆற்றில் வந்து சேருமானால், அந்த நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் எழுதலாம்.

வரவு ஒன்றுதான்: வானத்திலிருந்து விழுவது. செலவு இரண்டு: ஆற்றில் ஓடிப்போவது, ஆவியாகிப் போவது. பயிரும் மரமும் குடித்து இலை வழியாக வெளியே விடுவதும் ஆவிக் கணக்கில்தான் சேரும். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பில் ஏறும் அல்லது இறங்கும். இந்தக் கணக்குக்குத்தான் நீர்ச்சமநிலை என்று பெயர். இதைத் தாண்டி ஒரு சொட்டு நீர் எங்கிருந்தும் வராது, எங்கேயும் தொலையாது.

நம் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, நம்மிடம் வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் சேர்கிறது. சுமார் 348 கிலோமீட்டர். வேலூர்ப் பக்கம் ஆண்டு மழை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பங்கு நம் வெயிலில் ஆவியாகவே போகிறது. இருப்பு என்பது ஏரிகள், கிணறுகள், நிலத்தடி நீர், அப்புறம் ஆற்று மணல். மணலும் ஒரு பாத்திரம்தான். மேலே காய்ந்து கிடக்கும் ஆற்றில் முழங்கை ஆழம் தோண்டினால், பக்கங்களிலிருந்து மணல் சரிய, நடுவில் முதலில் கலங்கலாக நீர் ஊறும். அதைக் கொட்டாங்குச்சியால் இரண்டு மூன்று முறை இறைத்துவிட்டால் தெளிந்துவிடும். ஊற்றுநீர் எடுத்து வளர்ந்தவர்களுக்கு இருப்பு என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. மேல்பகுதியில் நீரைத் தேக்கியதும், மணலை வாரியதும், கரையோரம் ஆழ்துளைக் கிணறுகளை இறக்கியதும் சேர்ந்து அந்த இருப்பைக் குறைத்துவிட்டன.

இமயமலையில் இந்த இருப்பின் பெரிய பங்கு பனியாறு. கணக்குப் புத்தகம் அதேதான். ஆவிக் கணக்கில் ஒரு விசேஷம் மட்டும் உண்டு: உயரமான, வறண்ட, காற்றடிக்கும் இடத்தில் பனி உருகாமலேயே நேராக ஆவியாகும். தட்டில் வைத்த சூடம் கொளுத்தாமலே கரைந்து சிறிதாவது போல.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பனியாறு இருப்புப் பக்கத்தில் நிற்கும் ஒன்று. வரவுப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. எத்தனை பெரிய பனியாறாக இருந்தாலும் அதனுள் இருப்பது என்றோ வானத்திலிருந்து விழுந்த நீர்தான்.

காலையில் கணுக்கால், மாலையில் தொடை

எங்கள் ஊர்ப்பக்கம் ராணுவத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. என் சித்தப்பாவும் அப்படிப் போனவர், லடாக்கில் சில ஆண்டுகள் இருந்தார். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு எல்லா விளக்கத்தையும்விட நன்றாகப் புரிந்தது. முகாமுக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. காலையில் கடந்தால் கணுக்கால் அளவு நீர். சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் தொடை வரை வந்துவிடும், கயிறு கட்டித்தான் கடப்பார்களாம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. “மழையே இல்லாம வெள்ளம் வர்ற ஊருடா அது” என்பார்.

பகலில் வெயில் ஏறினால் மேலே பனி உருகும், சில மணி நேரம் கழித்து அந்த நீர் ஓடைக்கு வரும், இரவில் உறைந்து குறையும். இதே நாடகம் ஆண்டு அளவிலும் நடக்கிறது. குளிர்காலத்தில் விழுவது அப்படியே தங்குகிறது, கோடையில் இறங்குகிறது. லே நகரில் ஆண்டுக்கு மொத்தமே சுமார் 100 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. நமக்குப் பெய்வதில் பத்தில் ஒரு பங்கு. அங்கே வாற்கோதுமை விளைகிறதென்றால், குளிர்காலத்து வரவு கோடைக்குக் கைமாறுவதால்தான்.

நல்ல நிலையில் இருக்கும் பனியாறு செய்யும் முதல் வேலை இந்தக் கைமாற்றுதான். பத்து, இருபது ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், மேலே சேர்ந்ததும் கீழே கரைந்ததும் சமம். அது ஆற்றுக்குக் கூடுதலாக ஒன்றும் தருவதில்லை. தேவைப்படும் மாதத்தில் தருகிறது.

இன்னொன்றும் செய்கிறது. மழையும் பனியும் பொய்த்த ஆண்டு பெரும்பாலும் வெயில் கடுமையான ஆண்டாகவும் இருக்கும். அந்த ஆண்டில் பனியாறு வழக்கத்தைவிட அதிகம் உருகி, ஆற்றின் குறையை ஈடுகட்டும். பஞ்ச வருஷத்தில்தான் குதிர் காலியாகும் என்பது பாட்டிக்குத் தெரியும்.

மூங்கில் கம்பு சொல்லும் கணக்கு

சரி, குதிரில் எவ்வளவு இருக்கிறது என்று மலையில் யார் தட்டிப் பார்ப்பது?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹுல்-ஸ்பிதியில், செனாப் ஆற்றுக்கு நீர் தரும் சந்திரா பள்ளத்தாக்கில் சோட்டா ஷிக்ரி என்று ஒரு பனியாறு இருக்கிறது. பரப்பு சுமார் 15 சதுர கிலோமீட்டர். 2002 முதல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். அளக்கும் கருவி நமக்கு நன்கு பழக்கமான மூங்கில். நீராவியால் பனிக்கட்டியில் ஆழமாகத் துளை போட்டு மூங்கில் கம்புகளை இறக்கிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால், எவ்வளவு கம்பு வெளியே தெரிகிறதோ அவ்வளவு பனிக்கட்டி கரைந்திருக்கிறது. மேலே சேரும் பகுதியில் குழி தோண்டி, அந்த ஆண்டில் விழுந்த பனியின் ஆழத்தையும் எடையையும் பார்க்கிறார்கள்.

எடை எதற்கு என்றால், பனியின் உயரம் ஏமாற்றும். புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினால் ஒரு சென்டிமீட்டர் நீர்தான் தேறும். இறுகிய பனிக்கட்டியோ ஒரு மீட்டருக்கு 90 சென்டிமீட்டர் நீர் தரும். அதனால் எல்லாவற்றையும் உருக்கினால் எவ்வளவு நீர் என்று மாற்றி எழுதுவார்கள். அதுவே நீர்ச்சமானம். இப்படி மாற்றி, மேலே சேர்ந்ததிலிருந்து கீழே கரைந்ததைக் கழித்தால் வருவது நிறைச் சமநிலை, அதாவது அந்தப் பனியாற்றின் ஆண்டு நிகரக் கணக்கு.

சோட்டா ஷிக்ரியின் நிகரக் கணக்கு, சில ஆண்டுகளில் கூடினாலும், சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நட்டம். அரை மீட்டர்தானே என்று தோன்றும். 15 சதுர கிலோமீட்டரில் அரை மீட்டர் என்றால் 75 லட்சம் கன மீட்டர், நம் வழக்கில் சுமார் 265 மில்லியன் கன அடி. குடியாத்தத்துக்கு மேலே இருக்கும் மோர்தானா அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி. ஒரு நடுத்தரப் பனியாறு, தனக்கு வந்த வரவு முழுவதையும் செலவழித்த பிறகு, அதற்கும் மேல் ஆண்டுக்கு ஒரு மோர்தானாவைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

அந்தக் கூடுதல் நீர்தான், “வேகமா உருகினா நல்லதுதானே” என்று கேட்பவருக்குப் பதில். ஆமாம், ஆற்றில் நீர் கூடும். ஆனால் கூடியது வரவு இல்லை, குதிரின் அடி நெல்.

உச்ச நீர்

பனியாறு சுருங்கத் தொடங்கியதும் ஆற்றில் நீர் முதலில் ஏறும். வெப்பம் கூடக்கூட ஒவ்வொரு சதுர மீட்டரும் அதிகம் உருகும். ஆனால் பனியாற்றின் பரப்பும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் பரப்பின் குறைவு, உருகும் வேகத்தை வென்றுவிடும். அன்றிலிருந்து ஆண்டு நீர் இறங்கத் தொடங்கும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் அந்தத் திருப்பத்துக்கு உச்ச நீர் என்று பெயர்.

சின்னப் பனியாறுகளை நம்பிய ஆறுகள் இதை முதலில் தொடும். பெரு நாட்டின் சாண்டா ஆற்றுக்கு நீர் தரும் துணைப் பள்ளத்தாக்குகள் பலவும் உச்சத்தைத் தாண்டிவிட்டன. பொலிவியாவில் சகால்தயா என்ற சின்னப் பனியாறு 2009இல் முழுவதுமாக மறைந்தே போனது. இமயத்தின் பெரிய ஆறுகளில் பலவற்றுக்கு இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி உச்சம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது ஏறும் காலம்தான். ஆற்றில் நீர் கூடுவதைப் பார்த்து மின் நிலையம் கட்டுவார்கள், வாய்க்கால் வெட்டுவார்கள், இரண்டாம் போகம் போடுவார்கள். முறத்தில் விழும் நெல்லைப் பார்த்துக் குதிரின் இருப்பை எடைபோடுவது அது.

கங்கை பாலாறு ஆகிவிடுமா?

ஆகாது. ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐ.பி.சி.சி. 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இடம்பெற்றுவிட்டது. ஆதாரமற்ற வரி என்று 2010 ஜனவரியில் அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. திருத்தம் அவ்வளவாகப் பரவவில்லை, 2035 மட்டும் இன்றும் பேருந்தில் பயணம் செய்கிறது. பிழையைத் திருத்தியதால் ஆபத்து நீங்கிவிட்டது என்றும் சிலர் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் சரியில்லை. புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்வோடு நின்றால்கூட, இந்துகுஷ்-இமயப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும் என்பது 2019இல் வந்த விரிவான மதிப்பீடு.

ஆற்றுக்கு ஆறு கதை வேறு. சிந்துவின் மேல்படுகையில் ஓடும் நீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு பனியாற்று நீர். கங்கையின் மேல்படுகையிலோ 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான், பெரும்பகுதி மழை. பாட்னா வரும்போது பனியாற்றின் பங்கு இன்னும் மெலிந்துவிடும். கங்கைப் பக்கம் பருவமழைக்கும் பனி உருகுவதற்கும் ஒரே காலம், மழை நீர் எப்படியும் வந்துவிடும். சிந்துவின் மேல்படுகையில் பெரும் வரவு குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் பனி. கோடையில் அங்கே மழை குறைவு, உருகும் நீரை விட்டால் வேறு வழி குறைவு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் தடுக்கி விழும் இடம். “40 விழுக்காடு பனியாற்று நீர்” என்றால், பனியாறு போனதும் 40 விழுக்காடு நீர் போய்விடும் என்று பொருள் இல்லை. அந்த 40இல் ஒரு பகுதி, ஆண்டுதோறும் மேலே விழுந்து சேர்வதற்கு ஈடாகக் கீழே உருகுவது. பனியாறு இல்லாமற்போனாலும் வானத்திலிருந்து விழுவது விழும். மழையாகவோ, சில மாதங்களில் கரைந்துவிடும் பனியாகவோ ஆற்றுக்கு வரும். முற்றிலும் நின்றுபோவது உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தக் கூடுதல் பங்குதான்.

மற்றது நின்றுபோகாது, காலம் தவறி வரும். விதைக்கும் மாதத்தில் இல்லாமல், பெய்த மாதத்திலேயே மொத்தமாக ஓடிவிடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டுப் போனதைப் பார்த்தோம். பாலங்கள் உடைந்தன, தண்ணீர் கடலுக்குப் போனது. இருப்பு இல்லாத ஆற்றுக்கு நீர் வரும் விதம் அது.

சேர்த்துப் பார்த்தால்: பனியாறு சுருங்கச் சுருங்க ஆண்டு நீர் முதலில் கூடும், பிறகு குறையும். மறைந்த பிறகும் ஆறு இருக்கும், ஆனால் மாதக் கணக்கு மாறிவிடும். எந்த அளவுக்கு என்பது அந்த ஆற்றின் வரவு எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

ஏன் நீண்ட காலக் கணக்கு?

2021ஐ மட்டும் பார்த்தவர் பாலாற்றைப் பெருநதி என்பார். பனியாறும் அப்படித்தான், ஓர் ஆண்டு லாபம், மூன்று ஆண்டு நட்டம் என்று ஆடும். பத்தாண்டுகளாவது கூட்டினால்தான் திசை தெரியும். இமயத்துக்கு வடமேற்கே உள்ள காரகோர மலைத்தொடரில் பல பனியாறுகள் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவ்வளவாகச் சுருங்காமல், சில சற்று வளர்ந்தும் இருந்தன. ஓர் இடத்தை, ஓர் ஆண்டைப் பார்த்து முழு இமயத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

வரவை அளப்பதிலும் சிக்கல். மழைமானிகள் ஆள் நடமாட்டமுள்ள பள்ளத்தாக்கில் இருக்கின்றன, பனி கொட்டுவதோ ஐயாயிரம் மீட்டருக்கு மேலே. அந்தப் பனியையும் மானிக்குள் விழவிடாமல் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சிந்துவின் மேல்படுகையில் சில இடங்களில், அளந்த மழையையும் பனியையும்விட ஆற்றில் ஓடிய நீர் அதிகம் என்று கணக்கு வந்தது! குதிரில் போட்டதைவிட எடுத்தது அதிகம். ஒன்று, பனியாறு பெரிய அளவில் கரைந்திருக்க வேண்டும், அல்லது வரவைக் குறைத்து எழுதியிருக்க வேண்டும். பனியாறுகள் அந்த அளவு கரையவில்லை என்று செயற்கைக்கோள் அளவு காட்டியதால், உயரத்தில் விழும் பனி நாம் நினைத்ததைவிட மிக அதிகம் என்று புரிந்தது. இருப்பைச் சரியாக அளந்ததால் வரவின் பிழை பிடிபட்டது. வரவு, செலவு, இருப்பு என்ற மூன்று பத்தியையும் ஒன்றாக எழுதினால்தான் இப்படிப் பிழை தெரியும்.

காலத்தைத் தள்ளிவைக்கும் கூம்பு

லடாக்கில் ஏப்ரல், மே விதைப்புக் காலம். பெரிய பனியாறுகள் அப்போது இன்னும் உருகத் தொடங்கியிருக்காது. முன்பு செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் குளிர்காலத்து ஓடை நீரைச் சின்னத் தடுப்புகளில் நிறுத்தி உறையவைத்தார். 2013இல் இருந்து லடாக்கின் கல்வியாளர் சோனம் வாங்சுக்கும் அவருடன் இருப்பவர்களும் அந்த நீரை மேலிருந்து குழாயில் இறக்கி, பீய்ச்சி, கூம்பு வடிவில் உறையவைக்கிறார்கள். பனி ஸ்தூபி என்று பெயர். கூம்பாக நின்றால் கன அளவோடு ஒப்பிட வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் மெல்லக் கரையும்.

அந்தக் கூம்பு புதிதாக ஒரு சொட்டையும் உண்டாக்குவதில்லை. வேலையில்லாத ஜனவரியில் வீணாக ஓடும் நீரை, வயல் காத்திருக்கும் ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கிறது. ஐப்பசியில் பெய்ததைத் தை மாதம் வரை பிடித்துவைத்துக் கழனிக்கு விடும் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் அதே வேலைதான். பல்லவர் காலத்திலிருந்து அது அதைச் செய்துகொண்டிருக்கிறது.